கற்பூரமும் இன்ஸ்பெக்டரின் வெள்ளை பூட்ஸும்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாட்டு வண்டியில் ஏறினால் பத்தாவது நிமிஷம் இறங்கி மாட்டுக்கு முன்னால் நடப்பேன். ரயில் என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறுவேன். (என் கல்யாணத்தன்று மணவறையில் முட்டியை ஆட்டாதே என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது.) இப்படிப்பட்டவனுக்கு, வகுப்பில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே சம்பளம் வாங்கக்கூடிய வாத்தியார் வேலையை விட்டால் வேறு என்ன பொருந்தும்? அதற்குத்தான் போனேன். போன முதல் வருஷமே ஓர் அரசாங்க அதிகாரியை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, எழுந்து நின்று பூட்ஸைக் கழற்றிக் கும்பிட வைத்தேன். கும்பிட்டதில் தப்பில்லை. அவர் கும்பிட்டது ஜார்ஜ் சக்கரவர்த்தியை என்பதுதான் சிக்கல்.

சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த புதிது. பள்ளிக்கூடச் சுவர்களில் எட்வர்டு படத்தை இறக்கிவிட்டு ஜார்ஜ் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, அம்பாசமுத்திரத்தில் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். சேர்ந்தேன் என்றாலும் அது முழு வேலை இல்லை. பயிற்சி முடித்தவன் ஒரு வருஷம் பாடம் நடத்த வேண்டும். பிறகு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பாடத்தை முழுதாக உட்கார்ந்து பார்ப்பார். திருப்தியானால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். போட்டால் நான் வாத்தியார். போடாவிட்டால் தூத்துக்குடி.

தூத்துக்குடியில் என் தாய்மாமா மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தார். வாத்தியார் வேலை நிலைக்கவில்லை என்றால் மண்டியில் உட்காருவது என்று அவரும் என் அப்பாவும் பேசி முடித்திருந்தார்கள். 'உட்காருவது' என்ற சொல்லே எனக்கு ஆகாது. மிளகாய் நெடி அதைவிட ஆகாது. ஒரு தடவை அந்த மண்டிக்குள் போய்விட்டுத் தும்மிய தும்மலில், வாசலில் நின்ற வண்டி மாடு மிரண்டு வண்டியோடு துறைமுகம் வரை போய்விட்டது. (மாமா இதை மறுப்பார். மாடு மறுக்காது.)

ஆகவே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தபால் வந்த நாளிலிருந்து என் கால்கள் தரையில் பாவவில்லை. மூன்றாம் பாரத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்குப் பாடம். தலைப்பையும் அவரே எழுதியிருந்தார்: பொருள்களின் பௌதிகக் குணங்களும் ரசாயனக் குணங்களும். பையன்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தாங்களே சொல்லும்படி பாடம் இருக்க வேண்டும் என்று அடிக்கோடு வேறு.

பார்ப்பதற்கும் தொடுவதற்கும் பள்ளிக்கூட அலமாரியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். காந்தம் ஒன்று, அது எதையும் இழுக்காது. பாதரசம் வெளியேறிவிட்ட வெப்பமானி ஒன்று. ஒரு பக்கம் நசுங்கிய பூகோள உருண்டை ஒன்று, ஆப்பிரிக்காவைக் காணோம். புத்தகத்தில் போட்டிருந்த கந்தகமும் இரும்புத்தூளும் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. மூன்று நாள் நடந்து யோசித்தேன். நான்காம் நாள் தாமிரபரணிப் படித்துறையில் முங்கி எழுந்தபோது யோசனை வந்தது. வீட்டில் இல்லாத ரசாயனமா? கருப்பட்டி இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது, மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன. ஈரத் துண்டோடு பள்ளிக்கூடம் வரை ஓடினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது வாசல் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பாடத்தை இப்படி வகுத்தேன். கருப்பட்டியை உடைக்கலாம், கரைக்கலாம். காய்ச்சினால் மறுபடி கருப்பட்டி. உருவம் மாறினாலும் பொருள் மாறவில்லை, ஆகவே பௌதிக மாற்றம். கற்பூரத்தை இளஞ்சூட்டில் வைத்து மேலே குளிர்ந்த தம்ளரைக் கவிழ்த்தால், ஆவியாகிப் போன கற்பூரம் தம்ளரின் அடியில் வெள்ளையாகப் படியும். அதுவும் பௌதிகம். அதே கற்பூரத்தைக் கொளுத்தினால் போனது போனதுதான். அது ரசாயனம். கடைசியாக மஞ்சளும் சுண்ணாம்பும். மஞ்சள் நிறம் ஒன்று, வெள்ளை நிறம் ஒன்று, சேர்த்தால் ரத்தச் சிவப்பு. புதுப் பொருள் பிறந்துவிட்டது, ஆகவே ரசாயனம். இதையெல்லாம் ஒரே விதியில் அடக்கிப் போர்டில் எழுதுவதாகத் திட்டம்: பௌதிக மாற்றம் திரும்பி வரும், ரசாயன மாற்றம் திரும்பி வராது. எழுதிப் பார்த்தபோது எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

ஒத்திகையும் பார்த்தேன். பார்க்காமல் இறங்கினேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த டிராயிங் மாஸ்டர் அருளப்பனை உட்கார வைத்து, பாடம் முழுவதையும் மூன்று தடவை நடத்திக் காட்டினேன். அருளப்பன் மணப்பாட்டுக்காரர், கடலில் தோணி விடுகிற கத்தோலிக்கக் குடும்பம். நான் கற்பூரத்தைக் கொளுத்தியபோது அவர் அதை ஸ்டவ் எரிவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குவே. எரியுது, அணையுது. இன்னும் என்ன வேணும்?" என்றார்.

நான் நம்பினேன். அந்தக் கற்பூரத்தை எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் முன்னால் ஒரே ஒரு தடவை கொளுத்திப் பார்த்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். தோணிக்காரர் வீட்டுப் பிள்ளையை வைத்து ஒத்திகை பார்த்ததில்தான் கப்பல் கவிழ்ந்தது.

அந்த நாள் வந்தது. காலை ரயிலுக்கு எதிர்பார்த்த இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே வேறு வழியாக வந்து, பின்வாசல் வழியே நடந்து உள்ளே நுழைந்துவிட்டார். இதனால் முன்வாசலில் செய்திருந்த வரவேற்பெல்லாம் வீணாயிற்று. முக்கியமாக இசக்கியம்மாளின் வரவேற்பு. இசக்கியம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவள். எந்த அதிகாரி வந்தாலும் வாசலில் ஆரத்தி எடுப்பது அவள் பொறுப்பு. அதற்கென்று புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முன்வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் பின்வாசலால் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு வந்த கோபத்தைத் தலைமையாசிரியர் சமாதானப்படுத்தவில்லை. அவருக்கு அவர் பயம்.

தலைமையாசிரியர் சாந்தமான மனிதர். அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் கைகால் ஓடாது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று என் வகுப்பில் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஜார்ஜ் சக்கரவர்த்தி படத்துக்கு மல்லிகை மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். மரியாதைக்கு இன்ஸ்பெக்டர் கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். எங்கள் பள்ளியில் நேரம் தவறவே தவறாது என்று காட்டுவதற்காக, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் பித்தளை மணியுமாக வகுப்பின் மூலையில் வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. காலில் மட்டும் வெள்ளை வெளேரென்று கான்வாஸ் பூட்ஸ். பாளையங்கோட்டையில் சாயங்காலம் துரைமார்களோடு டென்னிஸ் ஆடுகிறவர் என்று சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தை என் மேஜையில் வைத்தார். வாசல் பக்கம் காற்று வருகிறது என்று நாற்காலியை நிலைப்படி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் பூட்ஸ் நாடாவைத் தளர்த்தினார். என் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, தொடங்கலாம் என்று தலையசைத்தார்.

கருப்பட்டி நன்றாகவே நடந்தது. உடைத்த துண்டுகளை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், சிலர் தின்றும் பார்த்தார்கள். கற்பூரம் தம்ளருக்கு அடியில் படிந்ததைக் காட்டியபோது இன்ஸ்பெக்டரே கழுத்தை நீட்டிப் பார்த்தார். போர்டில் என் விதியைப் பெரிய எழுத்தில் எழுதினேன். முப்பத்திரண்டு பையன்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

அடுத்தது கொளுத்துவது. கை சுடக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருந்த, கைப்பிடி வைத்த பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்தேன். (பூஜை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பது அப்போது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.) தீக்குச்சியைக் கிழித்தேன். குப்பென்று பற்றியது. ஒரே இடத்தில் நிற்பவனாக இருந்தால் தட்டை மேஜையில் வைத்திருப்பேன். நான்தான் நிற்கமாட்டேனே. கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று தட்டைத் தூக்கி இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, மேலும் கீழுமாகக் காட்டினேன். எனக்குப் பின்னால் மாலையும் குங்குமமுமாக ஜார்ஜ் சக்கரவர்த்தி.

முதலில் முன் வரிசை எழுந்தது. பிறகு வகுப்பு முழுவதும் எழுந்து கை கூப்பியது. மூலையில் நின்ற தலைமையாசிரியரின் கை தன்னால் மணியை அடிக்கத் தொடங்கியது. சும்மா அடிக்கவில்லை, தீபாராதனைக்கு அடிப்பது போலக் கணகணவென்று அடித்தார். அவர் கண் மூடியிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டைக் கீழே வைத்திருக்க வேண்டும். மணி அடிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சுற்றினேன். பிறகு பழக்கம் இழுத்த இழுப்பில் முன் வரிசைக்குத் தட்டை நீட்டினேன். வரிசையாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவன் திருநீறுக்குக் கையை நீட்டினான். கால் ஓயவில்லை, தட்டோடு நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் பூட்ஸ் இரண்டையும் கழற்றி, நிலைப்படிக்கு வெளியே காலாலேயே தள்ளிவிட்டு, எழுந்து நின்று, "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுடரை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்து, எந்தச் சாமி என்று பார்த்தார்.

சாமி தாடியோடும் மெடல்களோடும் இருந்தார்.

மணி சட்டென்று நின்றது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்ததையும், என் சான்றிதழைக் கையில் சுருட்டியதையும் பார்த்தேன். எனக்குத் தூத்துக்குடியின் நெடி மூக்கில் ஏறியது.

பாடத்தை அத்தோடு முடித்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். ஆனால் இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது, அதையாவது ஒழுங்காகச் செய்து மானத்தை மீட்கலாம் என்று பட்டது. எல்லாருக்கும் நிறம் தெரிய வேண்டும் என்று அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். சுண்ணாம்பைப் போட்டதும் தாம்பாளம் முழுவதும் ரத்தச் சிவப்பு. பையன்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தாள், தண்ணீர்ப்பானையை இறக்கி வைக்க வந்திருந்த இசக்கியம்மாள்.

காலையிலிருந்து மனம் புழுங்கிக்கொண்டிருந்தவள். தாம்பாளத்தில் சிவப்புத் தண்ணீர், எதிரே பெரிய அதிகாரி. அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லவேளை, இப்பவாது கரைச்சு வச்சீகளே," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தாம்பாளத்தைத் தூக்கி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று பின்னாளில் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆரத்தி சுற்றத் தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்துகிற துணிச்சல் எங்கள் பக்கத்தில் யாருக்கு உண்டு? இன்ஸ்பெக்டருக்கே இல்லை. எழுந்து, கிழக்கே பார்த்து, ஆடாமல் அசையாமல் நின்றார். அவள் மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலால் தொட்டு அவர் நெற்றியில் திருநீற்றுக்கு நடுவே பொட்டு வைத்தாள். பிறகு முறைப்படி நிலைப்படியைத் தாண்டிப் போய், வாசலில் ஓரமாகத் தாம்பாளத்தைக் கவிழ்த்தாள்.

ஓரமாகத்தான் பூட்ஸ் கிடந்தது.

வலது பூட்ஸ் முழுக்க, இடதில் பாதி. வெள்ளைக் கான்வாஸ் அந்தச் சிவப்பை நன்றாகக் குடித்தது. இசக்கியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுத்த கணமே மறைந்துவிட்டாள். (மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் இல்லை.) தலைமையாசிரியர் மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அழுதுகொண்டே நிற்கவும் என்னால் முடியாதே. என் அம்மா ஒரு தடவை இந்தக் கறையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தது ஞாபகம் வந்தது. மேஜையில் இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த மரியாதைப் பழம் இருந்தது. பேனாக்கத்தியால் அதை இரண்டாக அரிந்தேன், வாசலில் மண்டியிட்டுப் பூட்ஸில் பிழிந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, எல்லார் கண் முன்னாலும் சிவப்பு போய்ப் பளீரென்று மஞ்சள் வந்தது. வெள்ளை வரவில்லைதான். ஆனாலும் சிவப்பு போயிற்றே. வகுப்பே கை தட்டியது. நான் பூட்ஸைத் தூக்கிக் காட்டினேன், சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் பேச்சிமுத்து எழுந்தான். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன். தினமும் அங்கிருந்து நடந்தே வருவான், வருஷம் முழுவதும் வாயைத் திறந்ததில்லை. திறப்பதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"சார், ரசாயன மாத்தம் திரும்பி வராதுன்னு அங்கன போர்டுல எழுதியிருக்கு. பூட்ஸுல மஞ்சள் திரும்பி வந்துட்டே. எது சார் சரி?"

முப்பத்திரண்டு தலைகள் போர்டைப் பார்த்தன, பிறகு பூட்ஸைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. இன்ஸ்பெக்டரின் தலையும் அதே வரிசையில் திரும்பியது.

"எனக்கும் அதே கேள்விதான்," என்றார்.

புத்தகத்தில் படித்ததைக் குலுக்கிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் தவறாமல், மணியை அடித்தார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாத சான்றிதழைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். ஈரமான மஞ்சள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வெயிலில் அந்த மஞ்சள் தெருக்கோடி வரை தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரத்தை நான் நடந்தே கழித்தேன். பள்ளிக்கூடம் விட்டால் கல்லிடைக்குறிச்சி வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி பேச்சிமுத்து. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழையும்போது அவன் கண் என் மேல் விழும், அதில் கேலி கிடையாது, பதில் வரும் என்று நிஜமாகவே காத்திருந்தான். முப்பத்திரண்டு நோட்டுகளில் என் விதி மையோடு உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து சர்க்கார் உறை வந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். அதில் இருந்ததன் சாரம் இது: மேற்படி பூட்ஸ் தங்கள் பள்ளியில் முதலில் சிவப்பாகி, பின்பு மஞ்சளாயிற்று. இங்கே உவர்மண் போட்டுச் சலவை செய்ததில் மறுபடியும் சிவப்பாகியிருக்கிறது. இது எவ்வகை மாற்றம் என்று காரணத்துடன் எழுதி அனுப்பவும். விளக்கம் கிடைத்த பிறகே சான்றிதழ் விஷயம் பரிசீலிக்கப்படும்.

தலைமையாசிரியர் என்னை உட்காரச் சொன்னார் (உட்காரவில்லை). ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். தவறை இசக்கியம்மாள் மேல் போட்டு, உவர்மண் மட்டமானது என்று எழுதி, விதியைப் பற்றி மூச்சு விடாமல் இருந்துவிட வேண்டுமாம்.

"தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்னு நீங்களே எழுத்துல கொடுத்தா, அத வச்சே வீட்டுக்கு அனுப்பிருவாக தம்பி," என்றார்.

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அப்படியே ஒரு வரைவு எழுதினேன். மறுநாள் காலை அதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் பேச்சிமுத்து எதிரே வந்தான். தோளில் பை, முழங்கால் வரை புழுதி. கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். நான் தபாலாபீஸ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று வகுப்பில் உறையைப் படித்துக் காட்டினேன். எனக்குப் பதில் தெரியாது என்றும் சொன்னேன். இதைச் சொல்வதற்கு முன்னால் நாக்கு நாலு தடவை உள்ளே போய் வந்தது. சொன்ன பிறகு வகுப்பு பொங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் மேஜை நிறைந்தது. புளி, எலுமிச்சை, மோர், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், உவர்மண், ஒருவன் வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்த சோப்புக்கட்டி. வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். நான் அங்குமிங்கும் நடந்தேன், அவர்களும் நடந்தார்கள். அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. சுண்ணாம்பு, சாம்பல் தண்ணீர், உவர்மண், சோப்பு நான்கும் மஞ்சளைச் சிவப்பாக்குகிற கட்சி. புளி, எலுமிச்சை, மோர் மூன்றும் அதைத் திருப்புகிற கட்சி. ஒரே துணியை ஏழு தடவை சிவப்பாக்கி ஏழு தடவை மஞ்சளாக்கினான் பேச்சிமுத்து. கடைசியில் துணியை உயரத் தூக்கிப் பிடித்துச் சொன்னான்:

"திரும்பி வருது சார். ஆனா சும்மா வரல, இன்னொண்ணு வந்து சேந்தாத்தான் வருது."

இதைவிட நன்றாக நான் எழுத முடியாது என்று தெரிந்ததால் அதையே எழுதினேன். புதுப் பொருள் உண்டாவதே ரசாயன மாற்றம், அது வேறொரு பொருள் சேர்ந்தால் திரும்பவும் செய்யலாம். நான் போர்டில் எழுதிய விதி தவறு, மாணவர் முன்னிலையில் அதை அழித்துவிட்டேன். உவர்மண் மேல் குற்றமில்லை. இசக்கியம்மாள் மேலும் குற்றமில்லை, பூட்ஸை மஞ்சளாக வைத்திருக்க விரும்பினால் சோப்பு படாமல் பார்த்துக்கொள்ளவும். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தபோது மூச்சு சீராக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அது மறுபடி கெட்டுப்போயிற்று.

ஏனென்றால் அங்கே மாமா வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததெல்லாம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது, என்னை அழைத்துப்போகவே வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை உதறினார். எனக்குப் பதினோரு தும்மல்.

"பெட்டியக் கட்டுலே மருமவனே. தும்மல் நாலு நாள்ல பழகிரும்," என்றார்.

பதில் வரும் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். புதன்கிழமை வரை என்று கெடு வைத்து, அவரும் எங்கள் அறையிலேயே தங்கிவிட்டார். ஐந்து நாள் அவர் துண்டோடு ஒரே அறையில் இருந்தேன். அருளப்பன் இரண்டாம் நாளே வராந்தாவில் பாயைப் போட்டுக்கொண்டார். பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். புதன்கிழமை காலை வண்டி பேசி, பெட்டியை ஏற்றி, மாமாவும் ஏறி உட்கார்ந்த பிறகு தபால்காரர் வந்தார்.

உறைக்குள் என் சான்றிதழ் இருந்தது. அடியில் கையெழுத்து. குறிப்பு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இவர் தவறு செய்கிறார், திருத்திக்கொள்கிறார். வகுப்பு கேள்வி கேட்கிறது. இவர் இனி வகுப்பில் கற்பூரம் ஏற்றக் கூடாது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். புளி போட்டுப் பார்த்தேன், மஞ்சளாகிவிட்டது, இப்படியே இருக்கட்டும் என்று அதில் இருந்தது. நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா எட்டி வாங்கிப் படித்தார். பெட்டியை அவரே கீழே இறக்கி வைத்தார்.

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தேன். அத்தனை வருஷமும் ஊரில் எனக்குச் சூட வாத்தியார் என்று பேர். என் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். என் மனைவி சிவகாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. மாப்பிள்ளை செருப்ப மொதல்ல உள்ள எடுத்து வைங்க, இவுக நிக்காக," என்றாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்கள், பந்தியில் அவர்களுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம், ஆரத்தி என்றால் செருப்பு உள்ளே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் சூடம் கொளுத்தினால் எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வாசலுக்குப் போய், கிடக்கிற செருப்பையெல்லாம் ஓரமாக உள்ளே நகர்த்திவிட்டு வந்துதான் கும்பிடுவேன்.